செவ்வாய்க்கிழமைக் குளிசை

பெப்ரவரி 25, 2019, திங்கள்

இன்னும் முப்பத்திரண்டு நாள். அலுவலகச் சுவரில் ஹெலன் ஒரு தாளை ஒட்டியிருக்கிறாள். தினமும் காலையில் பழைய எண்ணை வெட்டிவிட்டுப் புதிய எண்ணை எழுதுகிறாள். ஹெலன்தான் லண்டன் சுகாதார அமைச்சில் எங்கள் பிரிவுத் தலைவி. மார்ச் 29 அன்று இந்த நாடு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற வேண்டும். ஒப்பந்தத்தோடா, ஒப்பந்தமில்லாமலா என்பது பாராளுமன்றத்துக்கே தெரியாது. தெரியாத ஒன்றுக்குத் திட்டம் போடுவதுதான் எங்கள் பிழைப்பு. துறைமுகத்தில் லொறிகள் நாட்கணக்கில் நின்றுவிட்டால் எந்த மருந்து முதலில் தீரும், அதற்கு என்ன வழி. ஆளுக்கொரு மருந்து வகையைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். எனக்குக் கிடைத்தது கதிரியக்க மருந்துகள்.

மற்றவர்களுக்கு வேலை சுலபம். ஆறு வாரச் சரக்கை வாங்கி அடுக்குங்கள் என்று கம்பனிகளுக்குச் சொல்லிவிடலாம். என்னுடையதை அடுக்க முடியாது. கதிரியக்க அயோடின் எட்டு நாளில் பாதியாகிவிடும். ஐரோப்பாவில் மாத்திரையாகச் செய்து, இன்ன நோயாளிக்கு இன்ன குளிசை என்று பெயரெழுதித்தான் அனுப்புகிறார்கள். அந்த வாரம் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை.

வீட்டுக்கு வந்தால் மேசையில் மருத்துவமனைக் கடிதம். என் கணவருக்குத் தைராய்டில் புற்றுநோய் என்று கண்டு டிசம்பரில் வெட்டி எடுத்தார்கள். மிச்சம் மீதியை எரிக்க ஒரு கதிரியக்க அயோடின் குளிசை. ஏப்ரல் 2, செவ்வாய்.

"நல்லதாப் போச்சு. ஒரு மாதத்திலை திரும்பப் பஸ் ஓட்டலாம்," என்றார் இவர். இருபத்திரண்டு வருடம் லண்டன் பஸ் ஓட்டிய மனுசனுக்கு வீட்டில் இருப்பதுதான் வியாதி.

29க்குப் பிறகு நான்காம் நாள். கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தேன்.

மார்ச் 1, வெள்ளி

யோகேஸ் மச்சாள் ஹரோவிலிருந்து போன். இவருடைய அக்கா. எடுத்த எடுப்பிலேயே, "எடி சுகிர்தா, நீ உள்ளுக்கை இருக்கிறனி, உண்மையைச் சொல்லு. பால்மா எத்தினை பெட்டி வாங்கட்டும்?"

"பதட்டப்படத் தேவையில்லை மச்சாள். வழமைபோல வாங்குங்கோ."

"உந்தக் கதையை வெள்ளைக்காரருக்குச் சொல்லு. தொண்ணூறிலை சவுக்காரம் இல்லாமல் பனங்காயிலை உடுப்புத் தோய்ச்ச ஆக்கள் நாங்கள்."

அவர் அறையில் அரிசி மூட்டை கூரையைத் தொடுகிறதாம். சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை. அந்தப் போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்துக்குள் எது போகலாம், எது போகக் கூடாது என்று கொழும்பில் யாரோ ஒருவர் மேசையில் இருந்து பட்டியல் போட்டிருப்பார். போட்டுவிட்டு மத்தியானம் சாப்பிடப் போயிருப்பார். அவரை நான் எத்தனை தடவை திட்டியிருக்கிறேன். இப்போது மேசையில் நான் இருக்கிறேன். எனக்கும் மத்தியானம் பசிக்கத்தான் செய்கிறது.

மார்ச் 7, வியாழன்

போனை வெளியே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் கூட்டத்துக்குள் போக வேண்டும். தாள்களுக்கு எண் போட்டிருக்கும். முடிந்ததும் எண்ணித் திரும்ப வாங்கிக்கொள்வார்கள்.

தீர்மானம் இது: ஒப்பந்தமில்லாமல் வெளியேறினால் முதல் வாரத்தில் அயோடின் குளிசை வரும் என்று நம்ப முடியாது. ஆகவே அந்த வாரத்தில் யாருக்கும் அந்தச் சிகிச்சை வேண்டாம், ஏற்கெனவே கொடுத்த தேதிகளைத் தள்ளி வையுங்கள் என்று மருத்துவமனைகளுக்கு அறிவுறுத்தல் போகும். எழுத வேண்டியது நான். அனுப்புவது 14ஆம் தேதி. அதுவரை வெளியில் மூச்சு விடக் கூடாது. அறையில் இருந்தது ஏழு பேர்.

முதல் வாரம் என்றால் ஏப்ரல் 2உம் அதற்குள்தான் வருகிறது.

மார்ச் 8, வெள்ளி

வாரந்தோறும் பேசும் மருத்துவமனைகளோடு பேசினேன். கடைசியாக ஃபியோனா. இவர் சிகிச்சை பெறும் மருத்துவமனையில் குளிசைப் பதிவுகளைப் பார்ப்பவள் அவள்தான். அங்கே ஈயச் சுவர் வைத்த அறை ஒன்றே ஒன்று. வாரத்துக்கு ஒரு நோயாளி, செவ்வாய்க்கிழமை மட்டும். வேலை விஷயம் முடிந்த பிறகு வீட்டு விஷயமும் கொஞ்சம் பேச்சில் வந்தது. 29க்குப் பிறகு நான் அலுவலகமே கதியென்று கிடக்க வேண்டி வரும், இவரைப் பார்க்க ஆளில்லை என்று சொன்னேன். உண்மைதானே.

கத்தரிக்காய் வாங்க மறந்துவிட்டேன்.

மார்ச் 11, திங்கள்

மருத்துவமனையிலிருந்து இவருக்கு அழைப்பு. 26ஆம் தேதி யாரோ ஒருவருக்கு வர முடியாமல் போய் இடம் காலியாகிவிட்டதாம். இவரை ஒரு வாரம் முன்னால் எடுக்கிறார்களாம். அதிர்ஷ்டம்தான்.

மார்ச் 13, புதன்

நேற்று மாலை பாராளுமன்றத்தில் ஒப்பந்தம் இரண்டாம் தடவையும் தோற்றது. அலுவலகத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சுவரில் 16.

குளிசைக்கு முன் இரண்டு வாரம் அயோடின் உள்ள எதுவும் சாப்பிடக் கூடாது. மீன், இறால், முட்டை, பால் எல்லாம் தள்ளி. நேற்று முதல் பத்தியம். இவர் தட்டைப் பார்த்தார்.

"மாசிக் கருவாடு போடாத சம்பலும் ஒரு சம்பலோ?"

"இரண்டு கிழமைதானே. சாப்பிடுங்கோ."

"இடம் விட்ட மனுசனுக்கு வருத்தம் முத்திப்போச்சோ, என்னவோ. இல்லாட்டி உப்பிடி ஒரு தேதியை ஆர் விடுவினம்?"

நான் பருப்பைச் சூடாக்க எழுந்து போனேன்.

மார்ச் 14, வியாழன்

அறிவுறுத்தல் போய்விட்டது. இன்று பாராளுமன்றம் அவகாசம் கேட்கலாம் என்று முடிவு செய்திருக்கிறது. கேட்டால் கொடுப்பார்களா என்பது வேறு விஷயம்.

மார்ச் 19, செவ்வாய்

ஃபியோனா நல்ல கெட்டிக்காரி. அறிவுறுத்தல் கிடைத்ததுமே ஏப்ரல் 2க்கான குளிசைக் கட்டளையை ரத்துச் செய்துவிட்டாள். குளிசை வேண்டுமென்றால் இரண்டு வாரத்துக்கு முன்பே சொல்ல வேண்டும், அதற்குள் சொன்னால் செய்து தரமாட்டார்கள். அந்த இடத்தில் இருந்தவரை எங்கே போட்டாய் என்று நான் கேட்கவில்லை. அது என் வேலையும் இல்லை.

மார்ச் 22, வெள்ளி

அவகாசம் கிடைத்துவிட்டது. ஏப்ரல் 12 வரை. ஹெலன் சுவரில் இருந்த 7ஐ வெட்டி 21 என்று எழுதினாள். யாரோ கைதட்டினார்கள்.

அப்படியானால் ஏப்ரல் 2இல் ஒரு பிரச்சினையும் இல்லை. குளிசை வழமைபோல வந்திருக்கும். நாங்கள் வேண்டாம் என்று சொன்னதால்தான் வராது. இனிக் கட்டளை கொடுக்கவும் காலம் போய்விட்டது. இதைக் கூட்டத்தில் சொன்னேன். "திட்டம் என்றால் அப்படித்தான்," என்றாள் ஹெலன்.

மார்ச் 26, செவ்வாய்

ஈயப் பெட்டியில் கொண்டுவந்து இடுக்கியால் எடுத்துக் கொடுத்தார்களாம். ஒரு மிடறு தண்ணீர், அவ்வளவுதான். "இதுக்கோ இவ்வளவு ஆரவாரம்?" என்று இவர் உள்ளேயிருந்து போனில் கேட்டார். நான் மருத்துவமனை வாகனத் தரிப்பிடத்தில் இருந்து அழுதேன். சந்தோஷத்தில்தான்.

மார்ச் 29, வெள்ளி

இன்றுதான் வெளியேற வேண்டிய நாள். வெளியேறவில்லை. ஒப்பந்தம் மூன்றாம் தடவையும் தோற்றது. தெருவில் கொடியோடு ஒரு கூட்டம், வேறு கொடியோடு இன்னொரு கூட்டம்.

இவர் வீட்டுக்கு வந்துவிட்டார். சில நாளைக்கு யாரும் கிட்டப் போகக் கூடாது. முன்னறையில் அவர், கதவுக்கு வெளியே கதிரை போட்டு நான். பகலெல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தால் மனுசனுக்கு யோசனை ஓடாமல் இருக்குமா?

"சுகிர்தா, அந்த ஆள் செத்துப்போச்சுதோ தெரியாது."

"எந்த ஆள்?"

"எனக்கு இடம் விட்ட ஆள். நேர்சிட்டைக் கேட்டனான். தங்களுக்குத் தெரியாதாம்."

"அதை ஏன் நீங்கள் கேக்கிறியள்?" என்று எரிந்து விழுந்தேன்.

ஏப்ரல் 1, திங்கள்

பொதுமக்கள் எழுதும் கடிதங்களில் கதிரியக்க மருந்து பற்றியவை என் மேசைக்கு வரும். இன்று ஒன்று வந்தது. எழுதியவள் டெபரா. தெற்குக் கரையோரத்தில் இருக்கும் அவளுடைய தாய் மொரீனுக்கு அறுபத்தெட்டு வயது, தைராய்டில் புற்றுநோய். மார்ச் 26ஆம் தேதி குளிசை என்று ஜனவரியிலேயே சொல்லியிருந்தார்களாம். தகப்பன் பாரிசவாதத்தில் படுக்கை, தனியே விட முடியாது. அதனால் டெபரா லீவு எடுத்துக்கொண்டு அவுஸ்திரேலியாவிலிருந்து வந்திருக்கிறாள். ஏப்ரல் 8 திரும்ப வேண்டும். மார்ச் 11ஆம் தேதி அழைத்து, நிர்வாகக் காரணத்தால் தேதியை ஏப்ரல் 2க்கு மாற்றியதாகச் சொன்னார்கள். பிறகு அதையும் ரத்துச் செய்து இப்போது ஏப்ரல் 16 என்கிறார்கள். கடைசியில் இப்படி எழுதியிருந்தாள்: "அதற்குள் நான் போய்விடுவேன், அப்பாவை யார் பார்ப்பது? 12ஆம் தேதி நாடு வெளியேறினால் 16ஆம் தேதி குளிசை வருமா? என் அம்மாவின் தேதியை ஏன் மாற்றினார்கள்?"

மருத்துவமனையின் பெயரை இரண்டு தடவை வாசித்தேன்.

மார்ச் 11ஆம் தேதி இந்தப் புத்தகத்தில் நான் எழுதியது பொய். இடம் காலியாகவில்லை. நான் கேட்டேன். முதல் வாரத்தில் குளிசை வராது என்று எனக்குத் தெரியும், ஃபியோனாவுக்குத் தெரியாது. பார்க்க ஆளில்லை என்று கெஞ்சினேன். அவள் பாவப்பட்டு இரண்டு பெயரை இடம் மாற்றினாள். ஒரு வாரம்தானே, அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகாது என்றாள். ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே நன்றி சொன்னேன். யார் என்று கேட்காமல் இருந்ததை ஒரு நல்ல குணம் மாதிரி எழுதி வைத்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 2, செவ்வாய்

ஈயச் சுவர் அறை இன்று வெறுமையாகக் கிடக்கும்.

ஏப்ரல் 4, வியாழன்

காலையில் ஃபியோனாவை அழைத்தேன். 9ஆம் தேதி வரும் குளிசையில் பெயரை மாற்றி, அந்த இடத்தை மொரீனுக்குக் கொடுக்க முடியாதா? மகள் ஒரு வாரம் பயணத்தைத் தள்ளிப்போடக் கூடும்.

ஃபியோனா பதிவேட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "போன தடவை ஒருவரிடமிருந்து எடுத்துத்தானே உங்களுக்குத் தந்தேன். இந்தத் தடவை யாரிடமிருந்து எடுக்கட்டும்? 9ஆம் தேதி வருபவர் இரண்டு பிள்ளைகளின் தாய். எடுக்கவா?" என்றாள்.

வேண்டாம் என்றேன்.

"அந்த அறிவுறுத்தல் வரப்போகிறது என்று உங்களுக்கு அப்போதே தெரியுமா?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். அவள் வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 5, வெள்ளி

டெபராவின் கடிதத்துக்குப் பதில். எங்களிடம் ஒவ்வொரு கேள்விக்கும் அனுமதி பெற்ற பந்தி ஒன்று உண்டு. யார் கேட்டாலும் அதை எடுத்து ஒட்ட வேண்டும். "மருந்துகள் தடையின்றிக் கிடைக்கத் தேவையான எல்லா ஏற்பாடுகளும் செய்யப்பட்டுள்ளன. நோயாளிகள் தமக்குக் கொடுக்கப்பட்ட தேதியில் வழமைபோல மருத்துவமனைக்குச் செல்லலாம்." ஜனவரியில் இதை எழுதியது நானேதான். நான்கு தரம் திருத்தி எழுதினேன். அதில் பொய் என்று ஒரு சொல்லைக்கூடக் காட்ட முடியாது.

அதற்குக் கீழே, 16ஆம் தேதி பற்றி உறுதி சொல்ல எங்களால் முடியாது என்று ஒரு வரி சேர்த்தேன். ஹெலன் சிவப்பு மையால் வெட்டினாள். "ஏன் மாற்றினார்கள் என்பது மருத்துவமனை சொல்ல வேண்டியது, விட்டுவிடு. மற்றதுக்குத்தான் உன் பந்தி இருக்கிறதே," என்றாள். அவள் கெட்டவள் அல்ல. பன்னிரண்டு நாளாக வீட்டில் இரவுச் சாப்பாடு சாப்பிடாதவள்.

கையெழுத்துப் போட்டேன். சுகிர்தா குகதாசன். தபாலில் போய்விட்டது.

ஏப்ரல் 8, திங்கள்

டெபரா இன்று விமானம் ஏறியிருப்பாள்.

இவர் இப்போது மேசைக்கு வந்து சாப்பிடுகிறார். மீன்குழம்பு. மூன்று தரம் போட்டுக்கொண்டார். எனக்கு இறங்கவில்லை.

"உனக்கு என்ன நடந்தது? நான்தானே வருத்தக்காரன்."

"வேலை."

ஏப்ரல் 11, வியாழன்

காலைச் செய்தியில் சொன்னார்கள்: ஒக்டோபர் 31 வரை அவகாசம். அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். ஹெலன் சுவர்த் தாளைக் கிழித்துக் கசக்கிக் குப்பையில் போட்டாள். மூன்று மாதமாக நாங்கள் பயந்தது எதுவும் நடக்கவில்லை. மொரீனின் குளிசை வரும்.

நான் ஒருத்தி செய்தது மட்டும் நடந்துவிட்டது.

மத்தியானம் ஹெலன் என் மேசைக்கு வந்தாள். டெபராவுக்கு எழுதிய கடிதம் மிகவும் நன்றாக இருக்கிறதாம். தேதியை மட்டும் மாற்றி, இனிமேல் எல்லாருக்கும் அதையே மாதிரியாக வைத்துக்கொள்ளலாமாம்.

ஏப்ரல் 14, ஞாயிறு

விகாரி வருடம் பிறந்தது. மூலிகை மருத்துநீரைத் தலையில் வைத்து முழுகி, கோயிலுக்குப் போனோம். குளிசை எடுத்த பிறகு இவர் சனக்கூட்டத்துக்குள் வருவது இன்றுதான். தெரிந்தவர்கள் எல்லாம் கையைப் பிடித்து விசாரித்தார்கள். யோகேஸ் மச்சாள் பத்துக் கிலோ அரிசிப் பை ஒன்றைக் காரில் ஏற்றிவிட்டார். தின்று முடியவில்லையாம்.

இவர் அர்ச்சனைச் சீட்டு இரண்டு வாங்கியிருந்தார். ஒன்று எங்கள் பெயருக்கு. அது முடிந்ததும் இரண்டாவதை நீட்டினார்.

"ஆற்றை பேருக்கு? நட்சத்திரம் சொல்லுங்கோ," என்றார் ஐயர்.

"பேர் தெரியாது ஐயா. எனக்கு ஆஸ்பத்திரியிலை இடம் விட்டுத் தந்த ஒரு ஆள். இருக்கினமோ, இல்லையோ தெரியேல்லை. அவையாலைதான் எனக்குக் கெதியா மருந்து கிடைச்சது."

"பேர் இல்லாமல் எப்பிடிச் செய்யிறது? சுவாமி பேருக்குச் செய்வமே?"

பின்னால் வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள். இவர் கை கூப்பியபடி, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். கழுத்தில் வெட்டிய தழும்பு இன்னும் சிவப்பாக இருக்கிறது. எனக்குத் தாங்கவில்லை.

"மொரீன்," என்றேன்.

ஐயர் என்னைப் பார்த்தார். "நட்சத்திரம்?"

"தெரியாது. உயிரோடைதான் இருக்கிறா. வாற செவ்வாய்க்கிழமைதான் அவவுக்கு மருந்து."

இவர் கண்ணைத் திறந்தார். மொரீன் என்ற பெயருக்குப் பூப் போட்டு முடியும்வரை நின்றார். விபூதி வாங்கிப் பூசினார். காருக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகுதான் கேட்டார்.

"இடம் வெறுமையா இருந்ததெண்டு சொன்னாங்கள்?"

"இல்லை. நான் கேட்டு வாங்கினது."

எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டம், ஃபியோனா, கடிதம், படுக்கையில் கிடக்கும் தகப்பன், போய்விட்ட மகள். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உங்களுக்காகத்தான் செய்தனான்."

"எனக்காகவெண்டால் என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே?" என்றார். சாவியைப் போட்டுக்கொண்டே, "அவ ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை மனுசனை ஆர் பாக்கிறது?"

"தெரியாது."

"விலாசம் இருக்கோ?"

"கடிதத்திலை இருந்தது. ஆனால் நான் அதை ஒருத்தருக்கும் குடுக்கக் கூடாது. வேலை போயிடும்."

"அண்டைக்கு உந்தச் சட்டம் எங்கை போனது?"

அர்ச்சனைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். கடிதத்தை எத்தனை தரம் வாசித்திருப்பேனோ, மனப்பாடமாக இருந்தது.

ஏப்ரல் 15, திங்கள்

இவர் ரயிலில் போய் மொரீனைப் பார்த்துவிட்டு வந்தார். பஸ் கம்பனி அடையாள அட்டையைக் காட்டி, நானும் அதே குளிசை எடுத்தவன், வீட்டில் லீவில் சும்மா இருக்கிறேன், உங்கள் கணவருக்குத் துணையாக இருக்கலாமா என்று கேட்டாராம். கவனிக்க ஆட்கள் காலையும் மாலையும் அரை மணி நேரம் வருவார்களாம். இடையில் ஆளில்லை. கடைசி நேரத்தில் சிகிச்சைக்குப் போகாமல் விடுவது என்று மொரீன் முடிவு செய்திருந்தாளாம்.

எனக்கு இதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. உடுப்புப் பையைத் தானே அடுக்கினார்.

ஏப்ரல் 16, செவ்வாய்

விடிய ஆறு மணிக்கு இவர் போய்விட்டார். பத்தரைக்கு ஃபியோனாவிடமிருந்து ஒரே வரியில் குறுஞ்செய்தி: குளிசை வந்தது, கொடுத்தாகிவிட்டது. அலுவலகக் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன்.

மத்தியானம் இவர் போன் எடுத்தார். பின்னால் தொலைக்காட்சிச் சத்தம். மொரீனின் கணவருக்குச் சூப் பருக்கிவிட்டாராம். கிழவர் நல்ல பகிடிக்காரராம்.

"நேற்று ஒண்டு உனக்குச் சொல்லேல்லை," என்றார். "நான் குகதாசன் எண்டு என்ர பேரைச் சொன்ன உடனை அவ உள்ளுக்குப் போய் ஒரு கடிதத்தைக் கொண்டு வந்தா. நீ அனுப்பின கடிதம். குளிர்ப்பெட்டிக் கதவிலை ஒட்டி வைச்சிருந்தவ. இந்த ஒப்பிசர் உங்களுக்குச் சொந்தமோ எண்டு கேட்டா. என்ர மனுசி எண்டன். என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதிட்டா. இவ்வளவு நல்ல மனம் ஆருக்கு வரும், கடிதமும் எழுதி, தன்ர புருசனையும் அனுப்பி வைச்சிருக்கிறா எண்டு."

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"ஒண்டும் சொல்லேல்லை."

"ஏன்?"

"அதை நீயெல்லோ சொல்லோணும்? வெள்ளிக்கிழமை அவவை ஆஸ்பத்திரியாலை வீட்டை விடுகினமாம். கிட்டப் போகாமல், கதவுக்கு வெளியிலை நிண்டு கதைக்கலாம்."

வெள்ளிக்கிழமை காலை ரயிலுக்குச் சீட்டு எடுத்துவிட்டேன்.